யாத்திரையில் ஏறிய யந்திரங்கள்

மாட்டு வண்டி கட்டிக்கொண்டு தஞ்சை ஜில்லாவிலிருந்து திருவண்ணாமலைக்குப் போன காலத்தில், வண்டியின் அடியில் என்னென்ன தொங்கும் என்பதை நம் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரு லாந்தர், மசகு அடைத்த மூங்கில் குழாய், ஒரு தாம்புக் கயிறு, ஓர் அரிவாள், மாட்டுக்குத் தவிடு கலக்க ஒரு வாளி. இவ்வளவுதான். வழியில் வண்டி குடை சாய்ந்தாலும், கடையாணி கழன்றாலும், இந்த ஐந்து சாமான்களைக் கொண்டே சமாளித்து ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

சென்ற மார்கழியில் அரையாண்டு விடுமுறைக்கு நாம் அதே திருவண்ணாமலைக்கு வேனில் புறப்பட்டோம். வேனின் பின்புறத்தில் ஏறிய சாமான்களைக் கேளுங்கள்: பெட்ரோலில் ஓடும் ஜெனரேட்டர் ஒன்று, பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் வாள் ஒன்று, பெட்ரோலில் ஓடும் சிறிய நீர் இறைக்கும் பம்ப் ஒன்று, இம்மூன்றுக்கும் தீனி போடுவதற்கு இரண்டு கேன்கள். இவற்றுக்குப் போக மீதியிருந்த இடத்தில் நாம், நம் தாயார், மனைவி, இரு குழந்தைகள், மைத்துனர், அவர் மனைவி ஆகிய எழுவரும் சமையல் பாத்திரங்களும் இருந்தோம்.

இந்த ஏற்பாடெல்லாம் நம் மைத்துனருடையது. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். யந்திரங்களின் மீது அவருக்கு இத்தனை வாஞ்சை எப்படி ஏற்பட்டது என்பதைச் சொல்லாவிட்டால் வாசகர்கள் அவரைத் தவறாக எண்ணக்கூடும். 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. அன்று விழுந்த தென்னைகள் லட்சக் கணக்கானவை. மின்சாரக் கம்பங்கள் வரிசை வரிசையாகப் படுத்துக் கிடந்தன. பல கிராமங்களுக்கு வாரக் கணக்கில் மின்சாரம் இல்லை. குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வழியில்லை. மைத்துனரின் வீட்டைச் சுற்றி நாலு புறமும் மரம். வெளியே வருவதற்கு வழி வெட்டவே இரண்டு நாள் ஆயிற்று. அந்தச் சமயத்தில்தான் அவர் இந்த வாளையும் ஜெனரேட்டரையும் வாங்கினார். ஜெனரேட்டரை மாட்டு வண்டியில் ஏற்றித் தெருத் தெருவாகக் கொண்டுபோய், ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் என்று கணக்கு வைத்து மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார். அன்று அந்தத் தெருவையே தாங்கிய யந்திரம் அது. அதைக் கொட்டிலில் போட்டுவிட்டு ஊர் சுற்றப் போவதென்றால் அவருக்கு மனம் வருமா?

“மாப்பிள்ளை, சாமி கும்பிடப் போகிற இடத்துக்கு மரம் அறுக்கிற வாள் எதற்கு?” என்று கேட்டோம்.

“அத்தான், கரண்டு இல்லாத தோப்பிலே ராத்திரி அத்தைக்கு மூச்சு முட்டினா என்ன பண்ணுவீங்க? முதல்லே அதுக்குப் பதில் சொல்லுங்க, வாளைப் பத்தி அப்புறம் பேசலாம்” என்றார்.

நம்மிடம் பதில் இல்லை. நம் தாயாருக்கு ஆஸ்துமா உண்டு. குளிர் காலத்தில் இரவில் ஒரு முறையாவது மருந்தை ஆவியாக்கும் நெபுலைசரை மூக்கில் வைத்துக்கொள்ளாமல் அவருக்குத் தூக்கம் வராது. அதற்கு வீட்டு மின்சாரம் வேண்டும். ஆகவே ஜெனரேட்டர் ஏறிற்று. அதன் சிபாரிசில் மற்றவையும் ஏறின.

வாளுக்கு வழியிலேயே வேலை வந்துவிட்டது. திருக்கோவிலூரைத் தாண்டித் திருவண்ணாமலைச் சாலையில் சிறிது தூரம் போனதும், முந்திய இரவு மழையில் ஒரு புளிய மரத்தின் பெருங்கிளை முறிந்து சாலையின் குறுக்கே கிடந்தது. இரு பக்கமும் பஸ்களும் லாரிகளும் நின்றன. நாலைந்து பேர் அரிவாளால் கொத்திக்கொண்டிருந்தார்கள். மைத்துனர் இறங்கினார். காலில் பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி, கையில் உறை. எல்லாவற்றையும் ஒழுங்காக மாட்டிக்கொண்ட பிறகுதான் வாளைத் தொட்டார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. கயிற்றை மூன்று தரம் இழுத்ததும் யந்திரம் உறுமிற்று. இருபது நிமிஷத்தில் கிளை எட்டுத் துண்டாயிற்று. ஜனங்கள் துண்டுகளை ஓரத்தில் உருட்டினார்கள். ஒரு பஸ் கண்டக்டர் மைத்துனரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நம் மனைவி தம்பியைப் பார்த்த பார்வையில் இருந்த பெருமையை வர்ணிக்க நமக்கு ஆற்றல் போதாது.

அந்த வாள் எவ்வளவு நிறை என்று தூக்கிப் பார்த்தோம். ஐந்து கிலோவுக்குள்தான் இருக்கும். இது நேற்று முளைத்த அதிசயமல்ல. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் 1929-ல் பெட்ரோலில் ஓடும் மரம் வெட்டும் யந்திரத்தைச் செய்தபோது அதன் நிறை 46 கிலோ. இரண்டு ஆட்கள் இரு முனையையும் பிடித்துக்கொண்டு அறுக்க வேண்டும். ஓர் ஆள் தனியாகத் தூக்கக்கூடிய வாள் வருவதற்கு இன்னும் இருபது வருஷங்கள் ஆயின.

ஜெனரேட்டரின் கதையும் சுவையானதுதான். 1946-ல், யுத்தத்தில் தோற்றுப்போன ஜப்பானில், ஹமாமட்சு என்னும் ஊரில், ஸோய்சிரோ ஹோண்டா என்பவர் ராணுவத்தில் மிஞ்சிப்போன சிறு இஞ்சின்கள் சுமார் 500-ஐ வாங்கினார். அவை கம்பியில்லாத் தந்திப் பெட்டிக்கு மின்சாரம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றை எடுத்துச் சைக்கிளில் பொருத்தி விற்றார். பெட்ரோலுக்குப் பஞ்சமான காலமாதலால் பைன் மர வேரிலிருந்து வடித்த எண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள். ஆக, உலகப் பிரசித்தி பெற்ற அந்த மோட்டார் சைக்கிளின் பூர்விகம் ஒரு தூக்கு ஜெனரேட்டர்! பிற்பாடு 1965-ல் அதே கம்பெனி கையில் தூக்கிச் செல்லும் ஜெனரேட்டரையும் விற்கத் தொடங்கியது. போன பிள்ளை வீடு திரும்பியது போல.

நிற்க. மாலை ஐந்து மணிக்கு அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தோம்.

திருவண்ணாமலைக்குப் பல முறை போயிருக்கும் வாசகர்களிலும் பலர் அடி அண்ணாமலையில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். பெரிய கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். அதில் ஏறக்குறையப் பாதி வழி நடந்து மலையின் பின்புறம் வந்தால் இந்தக் கிராமம். சிறிய, அமைதியான கோயில் ஒன்று இருக்கிறது. பிரம்மதேவர் பிரதிஷ்டை செய்தது என்பது ஐதிகம். மாணிக்கவாசகருக்கும் இங்கே ஒரு தனிக் கோயில் உண்டு. திருவெம்பாவை இங்கேதான் பிறந்தது என்று ஊரார் சொல்வார்கள். ஆகவே மார்கழியில் இந்த ஊருக்குத் தனி மதிப்பு. கிழக்கேயிருந்து பார்க்கும் மலை வேறு, மேற்கேயிருந்து பார்க்கும் மலை வேறு. சாயங்கால வெயில் இந்தப் பக்கத்துச் சரிவில்தான் விழுகிறது. பாறையும் புல்லும் தாமிரம் காய்ச்சினாற்போல் ஆகிவிட்டன. நம் மூத்த பெண் கைப்பேசியில் படம் பிடித்தாள். படத்தில் அந்த நிறம் வரவில்லை.

நமக்குத் தெரிந்தவர் ஒருவரின் தோப்பில் தங்க அனுமதி வாங்கியிருந்தோம். வேனை ஒரு மாமரத்தடியில் நிறுத்தி, அதன் பக்கவாட்டிலிருந்து தார்ப்பாயை இழுத்து இரண்டு கழிகளில் கட்டிப் பந்தல் போட்டோம். மைத்துனர் கிணற்றில் பம்பை இறக்கினார். வாளியால் பத்துத் தடவை சேந்தினால் ஆகிற காரியத்துக்கு அந்தப் பம்ப் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. அதில் நாற்பது நிமிஷம் குழாயை மாட்டுவதற்கும் கழற்றுவதற்கும். பிறகு ஜெனரேட்டரை எடுத்துச் சென்று, வேனிலிருந்து சுமார் முப்பது அடி தள்ளி, வேலி ஓரமாக வைத்து ஓட்டினார். அதுவரையில் எல்லாம் சரி. தாயார் மருந்து ஆவியை வைத்துக்கொண்டார். ஒரு விளக்கு எரிந்தது. கைப்பேசிகள் பசியாறின. சாப்பிட்டோம்.

சுற்றியிருந்த நிசப்தத்தில் அந்த யந்திரத்தின் சத்தம் நமக்கே கூச்சமாகத்தான் இருந்தது. வெறுங்காலுடன் வலம் வருகிறவர்கள் சிலர் சாலையில் நின்று தோப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தம் 45 டெசிபலுக்கு மேற்படக் கூடாது. மெதுவாகப் பேசிக்கொள்ளும் சத்தம் கூட அதைத் தாண்டிவிடும். பத்து மணிக்கு நிறுத்திவிடலாம் என்று சொன்னோம். “அத்தைக்கு ராத்திரி மறுபடியும் வேணும்னா இருட்டிலே யார் போய்க் கயிறு இழுக்கிறது?” என்று மைத்துனர் கேட்டார். அதுவும் நியாயமாகவே பட்டது.

பதினொரு மணிக்கு மழை பிடித்தது.

நாம் அரைத் தூக்கத்தில் இருந்தோம். மைத்துனர் எழுந்து போய், நனையாமல் இருக்கட்டும் என்று ஜெனரேட்டரைத் தூக்கி வந்து வேனை ஒட்டித் தார்ப்பாய்ப் பந்தலின் கீழ் வைத்தார். மின்சார வயர் உள்ளே வருவதற்காக வேனின் ஒரு ஜன்னல் நாலு விரற்கடை திறந்திருந்தது. சாரல் அடித்ததால் மற்ற ஜன்னல்களை நாமே எழுந்து மூடினோம். தாயாரும் குழந்தைகளும் நம் மனைவியும் வேனுக்குள் படுத்திருந்தார்கள். நாம் முன் இருக்கையில். மைத்துனரும் அவர் மனைவியும் தோப்புக்காரரின் மோட்டார் கொட்டகையில் படுக்கப் போனார்கள். நாம் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறவர். எரிபொருள் முற்றும் எரியாவிட்டால் என்ன வாயு வரும் என்று பதினெட்டு வருஷமாகக் கரும்பலகையில் எழுதி வருகிறவர். அந்தக் கைதான் ஜன்னலை மூடிற்று.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்வதற்கில்லை. நினைவு அங்கங்கே கிழிந்திருக்கிறது. யாரோ கண்ணாடியைத் தட்டுகிற சத்தம். தலை கல்லாகக் கனத்தது. கதவைத் திறக்கத் தெரியும், கை கேட்கவில்லை. வெளியே பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், தலையில் துண்டும் கையில் டார்ச்சுமாக நின்றார். பஜனைக்குப் புறப்பட்டவர், வழியில் சண்டை போடுவதற்காக வந்திருக்கிறார்.

“என்னாங்க இது? ராத்திரி பூரா கத்திக்கினே இருக்குது! ஊர்லே யாரும் தூங்க வாணாமா?” என்று ஆரம்பித்தவர், நம் முகத்தின்மேல் விளக்கை அடித்துப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். அடுத்த கணம் அவரே ஜெனரேட்டரை அணைத்துவிட்டு வேனின் கதவுகளை இழுத்துத் திறந்தார். “பசங்களை வெளியே தூக்கு! மொதல்லே பசங்களைத் தூக்கு!” என்று அவர் கூவிய குரல் இன்னும் நம் காதில் இருக்கிறது. மனைவி தானாக எழுந்து வந்து வாந்தி எடுத்தாள். தாயார் எழுப்பினால் கண் திறந்தார். மூத்த பெண்ணும் எழுந்துவிட்டாள். சின்னவனுக்கு வயது ஆறு. மண்ணில் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தும் விழிக்கவில்லை. மூச்சு இருந்தது. மணி நாலேகால். கோயிற் பக்கமிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது.

மைத்துனர் ஓடி வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் பெரியவரின் மகன் ஓட்டிய ஆட்டோவில் ஏறினார். நாமும் ஏறினோம். டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடி வைத்துப் பிராணவாயு கொடுத்தார்கள். ஆறு மணி சுமாருக்குப் பையன் கண் விழித்து, “அம்மா எங்கே?” என்றான். அதற்கப்புறம் மற்றவர்களையும் அழைத்து வந்து எல்லோருக்கும் பிராணவாயு கொடுத்தார்கள். இருபத்து நாலு மணி நேரம் வைத்திருந்து அனுப்பினார்கள். பகவத் கிருபையால் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

இந்த வாயுவைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். இதைக் கரியமில வாயு என்று பலர் தவறாகச் சொல்வதுண்டு. இது அதன் தம்பி, கார்பன் மோனாக்ஸைடு. அண்ணனுக்கு இரண்டு பங்கு பிராணவாயு. தம்பிக்கு ஒரு பங்குதான். நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிக்காது, இருமல் வராது. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின், இந்த வாயுவைக் கண்டால் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் ஆசையுடன் கட்டிக்கொள்கிறது. பிராணவாயுவுக்கு இடமில்லாமல் போகிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், அயர்வு. இரவில் தூங்குகிறவனுக்கு இவை ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் காய்ச்சல் வரப்போகிறது என்றுதான் நினைப்பான். நம் தாயார் இரண்டு மணிக்கு விழித்துத் தலை வலிப்பதை உணர்ந்திருக்கிறார். குளிரினால் என்று எண்ணிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு விட்டார். சுத்தமான காற்றில் இருந்தால், ரத்தத்தில் ஏறிய இந்த வாயுவில் பாதி இறங்குவதற்கே நாலைந்து மணி நேரம் ஆகும். முழுப் பிராணவாயு கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதி இறங்கிவிடும். ஆஸ்பத்திரிக்கு ஓடியது அதற்காகத்தான்.

பெரிய மோட்டார் கார்களின் புகைக்குழாயில் இந்த வாயுவைக் குறைப்பதற்கு வினையூக்கிக் குடுவை ஒன்று இருக்கிறது. சின்ன யந்திரங்கள் பலவற்றில் அது கிடையாது. சிறு ஜெனரேட்டர் ஒன்று விடும் கார்பன் மோனாக்ஸைடு, பல நூறு கார்கள் விடுவதற்குச் சமம் என்று அமெரிக்க அரசாங்கத்தின் நுகர்வோர் பாதுகாப்பு இலாகா எச்சரித்திருக்கிறது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் விதி. மழைக்காக யந்திரத்தை உள்ளே இழுக்கிற கணத்தில்தான் உலகெங்கும் இந்த விபத்து நடக்கிறது. புயலடித்து மின்சாரம் போன ஊர்களில், புயலுக்குத் தப்பியவர்கள் ஜெனரேட்டருக்குப் பலியாகிறார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோல் கிடைக்காமல், நம் ராஜதானியில் பஸ்களின் பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டி, கரி வாயுவில் ஓட்டினார்கள். மேட்டில் ஏற முடியாமல் பிரயாணிகள் இறங்கித் தள்ளிய கதைகளைப் பழைய பத்திரிகைகளில் வாசகர்கள் படித்திருப்பார்கள். அந்தக் கரி வாயுவில் எரிகிற சரக்கே இந்தக் கார்பன் மோனாக்ஸைடுதான். அன்று நம் பாட்டன்மாரைத் திருவண்ணாமலைக்கு இழுத்து வந்த அதே வாயு, இன்று பேரனுடைய ரத்தத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது!

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு ஒரு கணக்குப் போட்டோம். வாத்தியாருக்கு வேறென்ன தெரியும்? தாயாரின் நெபுலைசர் 120 வாட். கால் மணி நேரம் வீதம் இரவில் இரு முறை, 60 வாட்-மணி. விளக்கு 9 வாட், பத்து மணி நேரம், 90. நாலு கைப்பேசிக்குத் தலா 15 வீதம் 60. மொத்தம் 210. அதாவது, வீட்டில் மின்சார மீட்டர் ஓடுகிறதே, அதில் ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு. இதற்காக அந்த ஜெனரேட்டர் இரவெல்லாம் ஓடி 3 லிட்டர் பெட்ரோலைக் குடித்திருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் சக்தி அடங்கியிருக்கிறது. ஐந்தில் ஒரு யூனிட் வேலைக்கு 27 யூனிட்டை எரித்திருக்கிறோம். மீதியெல்லாம் சூடும் சத்தமும் விஷமும். வேனில் ஏற்கெனவே இருக்கும் பாட்டரியைப் போல இன்னொன்று, 12 வோல்ட் 60 ஆம்பியர் கொள்வது, 720 வாட்-மணி வைத்திருக்கும். அதில் பாதியைத் தொடாமலே ஓர் இரவு கழிந்திருக்கும். பகலில் வேன் ஓடும்போதே அதுவும் நிறைந்துவிடும். அறுபது வாட் குண்டு பல்பு எரிந்த காலத்தில் ஜெனரேட்டருக்கு நியாயம் இருந்தது. கஜாவில் கிணற்று மோட்டார் போடுவதற்கும் நியாயம் இருந்தது. மூக்கில் வைக்கிற ஒரு சிறு யந்திரத்துக்கு இல்லை.

இதை மைத்துனரிடம் காட்டினோம். காகிதத்தை வாங்கி வெகு நேரம் பார்த்தார். “இந்தக் கணக்கை ஊர்லேயே போட்டிருக்கக் கூடாதா, அத்தான்?” என்றார். நியாயமான கேள்வி.

இனிப் பெட்ரோலைப் பற்றி. இரண்டு கேன்களில் நாம் கொண்டுபோனது 15 லிட்டர். 1934-ஆம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரையில் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது இறுக மூடிய பாத்திரத்தில் இருக்க வேண்டும். கண்ணாடி, பீங்கான் ஆனால் 1 லிட்டருக்கும், உலோகம் ஆனால் 25 லிட்டருக்கும் மேற்படக் கூடாது. நாம் கொண்டுபோன கேன்கள் பிளாஸ்டிக். சமையல் எண்ணெய் வந்தவை. சட்டத்தில் அவற்றுக்கு இடமே இல்லை. மண்ணெண்ணெய் சூடேறினால்தான் பற்றும். பெட்ரோலோ பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் பற்றக்கூடிய ஆவியை விட்டுக்கொண்டிருக்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நாலு மடங்கு கனமாதலால் மேலே போகாது; வேனின் தரையில், இருக்கைக்கடியில், குழந்தைகளின் காலடியில் படிந்து நிற்கும். அடுப்பு எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் தரையோடு தவழ்ந்து தேடிக்கொண்டு போகும்.

ரயிலில் இதெல்லாம் அறவே கூடாது. 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தில் மூன்று வருஷம் வரை சிறைக்கு இடமிருக்கிறது. 2023 ஆகஸ்டு 26-ஆம் தேதி அதிகாலையில் மதுரை ஸ்டேஷன் அருகே நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி ஒன்று எரிந்து 9 பேர் மாண்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லக்னோவிலிருந்து தலயாத்திரை வந்தவர்கள். காலைக் காப்பி போடுவதற்காகக் காஸ் சிலிண்டரை உள்ளே கொண்டுவந்திருந்தார்கள்.

பெட்ரோல் கேனுக்கென்று ஒரு சரித்திரமே இருக்கிறது. நம் வீடுகளில் தண்ணீர் மொண்ட பழைய சதுர மண்ணெண்ணெய் டின்னை நினைவிருக்கிறதா? நாலு காலன் கொள்ளும். யுத்தத்தில் ஆங்கிலேயர் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குப் பெட்ரோல் அனுப்பியது அந்த ஜாதி மெல்லிய டின்களில்தான். லாரி குலுங்கக் குலுங்கத் தையல் விட்டு ஒழுகும். புறப்பட்ட பெட்ரோலில் 30 சதவீதம் போய்ச் சேருவதில்லை என்று தளபதி ஆக்கின்லெக் மதிப்பிட்டார். ஜெர்மானியரோ 1937-லேயே 20 லிட்டர் கொள்ளும் கெட்டியான தகரப் பாத்திரம் ஒன்றைச் செய்துவிட்டார்கள். மேலே மூன்று கைப்பிடிகள். ஒருவரோ இருவரோ தூக்கலாம். உள்ளே காற்றுக்கு இடம் விட்டிருப்பதால் நிறைந்திருந்தாலும் நீரில் மிதக்கும். ஒரே அழுத்தில் மூடித் திறக்கும் வாய். 1939-ல் பால் பிளைஸ் என்னும் அமெரிக்க எஞ்சினீயர், ஜெர்மன் நண்பர் ஒருவருடன் பெர்லினிலிருந்து இந்தியாவுக்கு மோட்டாரில் புறப்பட்டார். வழியில் தண்ணீர் வைத்துக்கொள்ளப் பாத்திரம் இல்லை. நண்பர் பெர்லின் விமான நிலையத்தின் கிடங்கிலிருந்து இந்தக் கேன்கள் மூன்றை எடுத்து வந்தார். நண்பர் நடு வழியில் திருப்பி அழைக்கப்பட்டார். போகுமுன் கேனைச் செய்யும் விவரங்களைப் பிளைஸிடம் சொல்லிவிட்டார். பிளைஸ் கல்கத்தாவுக்கு வந்து காரை அங்கே விட்டுவிட்டு அமெரிக்கா திரும்பினார். அந்தக் கேனைப் பார்த்துச் செய்த நகல்தான் பிறகு நேச நாடுகளின் படைகளுக்குப் போயிற்று. யுத்தத்தின் பெரிய ரகசியங்களில் ஒன்று, இந்தியாவுக்குக் கார் ஓட்டி வந்த ஒரு பிரயாணியின் சாமான்களோடு கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது! இன்று எந்தக் கடையிலும் ஜெர்ரிகேன் என்று கேட்டால் அதன் வாரிசைக் கொடுப்பார்கள். கேனை வண்டிக்குள் வைத்து நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து நிரப்ப வேண்டும். விளிம்பு வரை நிரப்பக் கூடாது. சூடாக இருக்கும் யந்திரத்தில் ஒருபோதும் ஊற்றக் கூடாது. காப்பி ஆறும் நேரமாவது பொறுக்க வேண்டும்.

அடி அண்ணாமலை போன்ற இடத்தில் இன்னொரு யோசனையும் வேண்டும். மலை காப்புக் காடு. மாசி முதல் சித்திரை வரையில் அங்கே புல் காய்ந்து சருகாக நிற்கும். தீப்பிடித்துச் சரிவெல்லாம் கறுத்துப்போன வருஷங்கள் உண்டு. மொட்டையாக இருந்த மலையில் பல வருஷங்களாகக் கன்று நட்டு, தீ பரவாமலிருக்கப் புல்லைச் செதுக்கி வரப்புப் போல வழி வெட்டிப் பாடுபடுகிறார்கள். ஓடி நிறுத்திய யந்திரத்தின் புகைக்குழாயைக் காய்ந்த புல்லின்மேல் வைத்தால் போதும், தீக்குச்சி வேண்டாம். நாம் போனது மழை மாதம் என்பதால் இந்தப் பாவமாவது நம் தலையில் ஏறவில்லை.

வாளை மட்டும் நாம் குறை சொல்ல மாட்டோம். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, பெஞ்சல் புயலின் மழையில் இதே மலையின் சரிவில் வ. உ. சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து வீட்டின்மேல் விழுந்து, குழந்தைகள் உள்பட 7 பேர் மாண்டார்கள். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வந்தார்கள். 2006-ல் ஏற்பட்ட அந்தப் படையினரின் லாரிகளில் இதே ஜாதி வாளும், கான்கிரீட் அறுக்கும் சக்கரமும், சிறு ஜெனரேட்டரும் எப்போதும் ஏறியிருக்கும். அவர்களும் தார்ப்பாய் கட்டித் தங்குகிறவர்கள்தான். ஆனால் எதை எங்கே வைப்பது என்பதை நித்தியம் பழகியவர்கள். புயல் மாதத்தில் கிராமத்துச் சாலையில் போகிறவன் ஒரு வாளை வைத்திருப்பதில் தப்பில்லை. சங்கிலிக்கு உறை போட்டு, டாங்கியைக் காலி பண்ணிக் கொண்டுபோக வேண்டும். சாலை மரம் சர்க்கார் சொத்து என்பதால், விழுந்து வழி மறிப்பதைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது.

ஊருக்குப் புறப்படும் நாள் காலையில் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனோம். பழமும் வேஷ்டியும் வைத்து நமஸ்காரம் செய்தோம். அவருக்குச் சங்கோசம் தாங்கவில்லை. “நான் சண்டைக்குத்தாங்க வந்தேன்” என்று இரண்டு தரம் சொன்னார். தூக்கம் கெட்டு ஆத்திரப்பட்டிராவிட்டால் வந்தே இருக்க மாட்டார். அதே யந்திரம் சத்தமில்லாத உயர்ந்த ரகமாக இருந்திருந்தால் அவர் தூக்கம் கெட்டிராது. இதைப் பற்றி நாம் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து மைத்துனர் வீட்டுக்குப் போனபோது ஜெனரேட்டர் கொட்டிலில் இருந்தது. கயிற்றை இழுத்துப் பார்த்தார், கிளம்பவில்லை. 2025 முதல் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக் கணக்கில் சும்மா கிடந்தால் கார்ப்பரேட்டர் அடைத்துக்கொள்ளும். ஓடி முடிந்ததும் டாங்கியையும் கார்ப்பரேட்டரையும் வடித்துவிட வேண்டும். ஊர் திரும்பிய அன்று அந்த நினைப்பு யாருக்கு இருந்தது? மைத்துனர் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். பழைய பெட்ரோலை வடித்துக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினார். ஏழாவது இழுப்பில் கிளம்பிற்று. திறந்த முற்றத்தின் நடுவில், வீட்டிலிருந்து நாற்பது அடி தள்ளி, அதை ஐந்து நிமிஷம் ஓட விட்டார். நம் சின்னவன் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மைத்துனர் இரண்டு முறை திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு அணைத்து, டாங்கியை வடித்து, சாக்கால் மூடினார்.

அடுத்த பிரயாணத்துக்காக ஒரு பாட்டரிப் பெட்டி வாங்கியிருக்கிறார். நிறை பதினாலு கிலோ. ஜன்னலில் மாட்டுவதற்குக் கார்பன் மோனாக்ஸைடு வந்தால் கூவுகிற சிறு கருவி ஒன்றும் வாங்கியிருக்கிறார். பாட்டரி இருக்கும்போது அது எதற்கு என்று நாம் கேட்கவில்லை.